ஐந்தா, ஆறா: வெள்ளியின் மேல் வளர்ந்த போரான் தாள் பற்றிய நிகழ்வு ஆய்வு

5 ஆங்ஸ்ட்ராம் நீளமும் 2.9 ஆங்ஸ்ட்ராம் அகலமும் உள்ள ஒரு செவ்வகம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). அதற்குள் இருக்கும் போரான் அணுக்கள் ஐந்தா, ஆறா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 2015ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக, அமெரிக்காவில் ஒரு குழுவும் சீனாவில் ஒரு குழுவும் வெள்ளிப் படிகத்தின் மேல் ஒற்றை அணுத் தடிமனுள்ள போரான் தாளை வளர்த்தன. இரண்டும் ஒரே வகை வெள்ளிப் பரப்பையே பயன்படுத்தின. இரண்டும் கண்ட, தாள் முழுதும் திரும்பத் திரும்ப வரும் செவ்வக அலகும் அளவில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் முதல் குழு அதனுள் ஆறு அணுக்களை, மேலும் கீழுமாக நெளிந்த வரிசைகளாக வைத்தது. இரண்டாம் குழு ஐந்து அணுக்களைத் தட்டையாக அடுக்கி, ஆறாவது அணுவின் இடத்தைத் துளையாக விட்டது.

ஓர் அணுவின் வேறுபாடு சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தத் தாள் எவ்வளவு விறைப்பானது, எந்தத் திசையில் வளையும், மின்சாரத்தை எப்படிக் கடத்தும், அதைக் குழாயாகச் சுருட்டினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஓர் அணுவைப் பொறுத்தே அமைகின்றன. அதற்கும் மேலாக, போரான் தாளின் கட்டமைப்பு தாளுக்குள் மட்டும் முடிவாவதில்லை, தாளும் அது கிடக்கும் தளமும் சேர்ந்து எலக்ட்ரான் கணக்கை நேர்செய்யும்போதே முடிவாகிறது என்பதை இந்த நிகழ்வைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எலக்ட்ரான் கணக்கு

தனிம வரிசை அட்டவணையில் போரானும் கார்பனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இரண்டுக்கும் பிணைப்பில் ஈடுபடும் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் இடங்கள், நான்கு. கார்பனிடம் அவற்றுக்கு ஈடாக நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன, போரானிடம் மூன்றுதான். இந்த ஒரு குறைதான் போரான் வேதியியல் முழுவதையும் வித்தியாசமானதாக ஆக்குகிறது. இரண்டு அணுக்கள் இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமான பிணைப்புக்குப் போதிய எலக்ட்ரான் இல்லாதபோது, மூன்று அணுக்கள் சேர்ந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. போரான் ஹைட்ரைடுகளில் இந்த மூன்று மையப் பிணைப்பை விளக்கி அவற்றின் கட்டமைப்பைத் தெளிவாக்கியதற்காகவே வில்லியம் லிப்ஸ்கோம்புக்கு 1976ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. திண்மப் போரானிலும் இதே நிலைதான்: இருபது முக்கோண முகங்கள் கொண்ட, பன்னிரண்டு அணுக்களாலான கூடுகள் ஒன்றோடொன்று பிணைந்து படிகமாகின்றன. கிராஃபைட்டில் இருப்பதுபோல் உரித்தெடுக்கத்தக்க அடுக்குகள் இயற்கைப் போரானில் கிடையாது. போரான் தாள் வேண்டுமென்றால் அதை அணு அணுவாகப் படியவைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

அந்தத் தாள் எந்த வடிவில் அமையும்? தேன்கூட்டு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூலையணுவும் மூன்று அறுகோணங்களுக்குப் பொதுவானது என்பதால், ஓர் அறுகோணத்தின் பங்குக்கு வருபவை இரண்டு அணுக்கள். ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் அந்த இரண்டு கார்பன் அணுக்கள் எட்டு எலக்ட்ரான்களைக் கொண்டுவருகின்றன. தாளின் பிணைப்பு ஆர்பிட்டால்கள் சரியாக நிரம்புகின்றன. அதே இடத்தில் போரானை வைத்தால் ஆறு எலக்ட்ரான்களே கிடைக்கும், இரண்டு குறை. இனி அந்த அறுகோணத்தின் நடுவில் இன்னொரு போரான் அணுவை வைத்துப் பார்ப்போம். அது தன் மூன்று எலக்ட்ரான்களையும் தாளுக்குக் கொடுக்கிறது. ஆனால் புதிதாக நிரப்ப வேண்டிய பிணைப்பு நிலை எதையும் அது கொண்டுவருவதில்லை. இப்போது கையில் இருப்பவை ஒன்பது; தேவை எட்டு; ஒன்று மிகை. மிகையான எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் போய்த் தாளின் உறுதியைக் குலைக்கிறது.

எல்லா அறுகோணங்களையும் நிரப்பினால் கிடைப்பது முக்கோணத் தாள். இடைப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல், ஒவ்வோர் அணுவையும் சுற்றி ஆறு அணுக்கள் இருக்கும். அந்தக் கோலத்தில் சில புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டால், அழித்த இடங்கள் வெற்று அறுகோணங்களாகும், அவைதாம் துளைகள். துளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலக்ட்ரான் குறை. நிரப்பிய அறுகோணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரான் மிகை. ஆக, ஒரு துளைக்கு இரண்டு நிரப்பிய அறுகோணங்கள் என்ற விகிதத்தில் வரவும் செலவும் நேராகிவிடும். முக்கோணத் தாளின் ஒன்பது இடங்களில் ஒன்றைக் காலியாக விடுவது என்பதே இதன் பொருள். துளை விகிதம் 1/9. யேல் பல்கலைக்கழகத்தின் ஹுவா டாங், சோராப் இஸ்மாயில்-பெய்கி ஆகிய இருவரும் 2007இல் முன்வைத்த ஆல்ஃபா தாள் இதுதான். அவர்கள் இதை, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின் வழியே கணித்தார்கள். அதன் சாரத்தை இப்படி ஒரு தாளின் ஓரத்தில் கூட்டிக்கழித்துச் சரிபார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

முன்கணிப்புகள் வந்த வழி

ஆல்ஃபா தாளுக்கு முன்பே போரான் தாள்களும் குழாய்களும் கணக்கீட்டில் தோன்றிவிட்டன. இஹ்ஸான் புஸ்தானியும் அலெக்சாண்டர் குவாண்டும் 1997இல் போரான் நானோகுழாய்கள் நிலைத்திருக்க முடியும் என்று காட்டினார்கள். அக்கால மாதிரிகளில் குழாயின் சுவர், துளையற்ற முக்கோணத் தாளைச் சுருட்டியதாகக் கருதப்பட்டது. தட்டையான முக்கோணத் தாளில் மிகை எலக்ட்ரான்கள் எதிர்ப்பிணைப்பு நிலையில் இருப்பதால், அந்தத் தாள் தன்னைத் தானே நெளித்துக்கொள்கிறது: ஒரு வரிசை அணுக்கள் மேலே, அடுத்த வரிசை கீழே. நெளியும்போது தாளின் தளத்துக்குள் இருக்கும் ஆர்பிட்டால்களும் செங்குத்தானவையும் கலந்து, மிகையின் சுமை ஓரளவு குறைகிறது. நெளிவு என்பது மிகையைத் தாங்கிக்கொள்ளும் ஒரு வழி. துளை என்பது மிகையே வராமல் தடுக்கும் வழி. இரண்டாவது வழியே மேலானது என்பதுதான் 2007ஆம் ஆண்டுக் கணக்கின் முடிவு.

அதே ஆண்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் போரிஸ் யாகோப்சன் குழு, கார்பனின் 60 அணுப் பந்தைப் போன்ற கட்டுமானத்தில், ஒவ்வோர் அறுகோணத்தின் நடுவிலும் ஓர் அணுவைக் கூடுதலாகக் கொண்ட 80 அணுப் போரான் பந்தை முன்கணித்தது. அறுகோணங்கள் நிரம்பியும் ஐங்கோணங்கள் காலியாகவும் இருக்கும் அந்தப் பந்தில் ஆல்ஃபா தாளின் தர்க்கமே செயல்படுகிறது. பிறகு துளைகளை வெவ்வேறு அடர்த்தியிலும் ஒழுங்கிலும் வைத்துப் பார்த்த கணக்கீடுகள் ஓர் இக்கட்டை வெளிப்படுத்தின: துளை விகிதம் 1/9 முதல் 1/6 வரையிலான பகுதியில் பற்பல தாள்களின் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. கிராஃபீனுக்கு ஒரே முகம். போரான் தாளுக்கோ பல முகங்கள், அவற்றுள் எதையும் மற்றொன்று பெரிதாக வெல்வதில்லை. மெல்லிய வெளித்தூண்டல் ஒன்றே முடிவை மாற்றிவிடப் போதுமானது.

சோதனைத் தரப்பிலிருந்து முதல் குறிப்பு 2014இல் வந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் லாய்-ஷெங் வாங்கின் குழு, லேசர் கொண்டு போரானை ஆவியாக்கிச் சிறு அணுக்கொத்துகளைப் பிரித்து, ஒளிஎலக்ட்ரான் நிறமாலை வழியே அவற்றின் வடிவத்தை ஆராய்ந்துவந்தது. 36 அணுக்கள் கொண்ட கொத்து ஏறக்குறைய தட்டையாகவும், அறுகோணச் சமச்சீருடனும், நட்டநடுவில் ஓர் அறுகோணத் துளையுடனும் இருப்பதை அந்தக் குழு அறிவித்தது. ஒற்றை அணுத் தடிமனுள்ள போரான் தாளுக்குப் போரோஃபீன் என்ற பெயரும் அந்த ஆய்விலேயே சூட்டப்பட்டது.

வளர்ப்பு

ஆர்கான் தேசிய ஆய்வகம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த குழுவின் கட்டுரை 2015 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஆன்ட்ரூ மேனிக்ஸ் முதல் ஆசிரியர். நேதன் கைசிங்கர், மார்க் ஹெர்சம், ஆர்டெம் ஒகானோவ் ஆகியோர் குழுவில் இருந்தனர். மீவெற்றிடக் கலத்தில் வெள்ளிப் படிகத்தின் 111 முகத்தை (அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட முகம்) சுத்தப்படுத்தி, 450 முதல் 700 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் வைத்து, மிகத் தூய போரான் கம்பியை எலக்ட்ரான் கற்றையால் சூடாக்கி, ஆவியான போரானைப் படியவிட்டார்கள். வெள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பல உலோகங்கள் போரானை உள்ளே இழுத்துக்கொண்டு போரைடு ஆகிவிடும். வெள்ளி போரானோடு கலப்பதில்லை. வந்து விழும் அணுக்கள் பரப்பின் மேலேயே நகர்ந்து ஒன்றுகூட இடம் கொடுக்கிறது.

கிடைத்தது ஒருவகைத் தாள் அல்ல. ஒன்று, ஊசிமுனையால் பரப்பை வருடிப் படமெடுக்கும் எஸ்டிஎம் நுண்ணோக்கியின் கீழ் வரிவரியாகத் தெரிந்தது. மற்றொன்று சீராகத் தெரிந்தது. வரித்தாளின் அலகு, பக்கங்கள் ஏறக்குறைய 0.51, 0.29 நானோமீட்டர் கொண்ட செவ்வகம். கணினிவழிக் கட்டமைப்புத் தேடலில் கிடைத்த மாதிரிகளில், நெளிந்த முக்கோணத் தாள் ஒன்றின் கணக்கிட்ட எஸ்டிஎம் படம் அளந்த படத்தோடு நன்றாகப் பொருந்தியது. தளமின்றித் தனித்துள்ள அந்தத் தாளுக்குக் கணக்கிட்ட அலகின் பக்கங்கள் 1.617, 2.865 ஆங்ஸ்ட்ராம், அதில் இரண்டு அணுக்கள். மூன்று அலகுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் 4.85க்கு 2.87 என்ற செவ்வகம் கிடைக்கும். சற்று இழுத்தால் அளந்த செவ்வகத்தில் பொருந்திவிடும். உள்ளே ஆறு அணுக்கள், துளை இல்லை.

பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தில் பாவ்ஜியே ஃபெங், கெஹூய் வூ ஆகியோரின் குழுவும் அதே 111 முகத்தில், தூய போரானை நேரடியாக ஆவியாக்கி, இருவகைத் தாள்களை வளர்த்து, 2016இல் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்டது. அவர்களுடைய முதல் தாளின் அலகு 0.50க்கு 0.30 நானோமீட்டர் செவ்வகம். அவர்கள் அதற்கு வைத்த மாதிரி பீட்டா-12: துளை விகிதம் 1/6, செவ்வகத்துக்கு ஐந்து அணுக்கள், நெளிவு இல்லை. இரண்டாவது தாளை அவர்கள் கை-3 என்றார்கள். அதன் துளை விகிதம் 1/5.

செவ்வகம் இரு இடங்களிலும் ஒன்றாக இருந்தது ஏன் என்பதற்கு வெள்ளியே விடை. வெள்ளியின் 111 முகத்தில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 2.89 ஆங்ஸ்ட்ராம், அதற்குச் செங்குத்தான திசையில் பரப்பு தன்னைத் திரும்பச் சொல்லும் தூரம் இதை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 5.0 ஆங்ஸ்ட்ராம். ஆகவே அந்தச் செவ்வகத்தின் அளவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தாளின் உள்ளமைப்பைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு மாதிரிகளுமே அந்தச் சட்டத்துக்குள் அடங்கக்கூடியவைதாம்.

பிணக்கு தீர்ந்த விதம்

முன்பு போட்ட கணக்கை இந்தச் செவ்வகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆறு அணுக்கள் என்றால் நிரப்பிய அறுகோணங்கள் இரண்டு. மிகை இரண்டு எலக்ட்ரான். ஐந்து அணுக்கள் என்றால் நிரப்பியது ஒன்று, துளை ஒன்று. குறை ஓர் எலக்ட்ரான். உலோகத்தின் மேல் கிடக்கும் போரான் தாள் அந்த உலோகத்திடமிருந்து எலக்ட்ரான் பெறும் நிலையில் இருக்கிறது. பெறுகிறவனுக்குக் குறை இருப்பது பொருந்தும். ஏற்கெனவே மிகையால் திணறுகிறவனுக்கு மேலும் கொடுப்பது பொருந்தாது. யாகோப்சன் குழு, சோதனைக்கு முன்பாகவே, வெள்ளியின் மேல் 1/6 துளை விகிதத் தாளே உருவாகும் என்று கணித்திருந்ததன் அடிப்படையில் இந்தத் தர்க்கமும் இருந்தது.

ஆயினும் வெள்ளி கொடுப்பது சிறிதளவே என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து அணுக்களின் ஓர் எலக்ட்ரான் குறையை அது முழுதாக நிரப்பிவிடுவதில்லை. கொடை சிறிதானாலும் முடிவு மாறுவதற்குக் காரணம், 1/9க்கும் 1/6க்கும் இடையில் ஆற்றல் வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதும், பீட்டா-12இன் செவ்வகம் வெள்ளியின் வரிசைகளோடு அச்சொட்டாகப் பொருந்துவதும் ஆகும். கணக்கு திசையைக் காட்டுகிறது. இறுதி இடத்தைத் தளத்தின் வடிவமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அளவீடுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எஸ்டிஎம் படத்தால் அதைச் சொல்ல முடியவில்லை, காரணம் அந்தக் கருவி காண்பது அணுக்களை அல்ல. ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே கசியும் மின்னோட்டத்தை அது அளக்கிறது. அந்த மின்னோட்டம் ஃபெர்மி மட்டத்தை, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் மேல்விளிம்பை, ஒட்டிய எலக்ட்ரான் அடர்த்தியின் விம்பம். கிராஃபீன் போன்ற எளிய தாளில் மேடும் அணுவும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எலக்ட்ரான்கள் மூன்று மையங்களில் பரவிக் கிடக்கும் போரானில், படத்தில் தெரியும் ஒளிர்ந்த வரிசை மேலெழுந்த அணுவரிசையாகவும் இருக்கலாம், தட்டையான தாளில் எலக்ட்ரான் செறிந்த வரிசையாகவும் இருக்கலாம். இரு மாதிரிகளுக்கும் கணக்கிட்ட படங்கள் அளந்த படத்தை ஒத்திருந்ததன் காரணம் இதுவே.

தீர்ப்பு 2018இல் வந்தது. நெளிவு என்பது உயர வேறுபாடு; எனவே உயரத்தை நேரடியாக அளந்தால் போதும். கேவின் கேம்ப்பெல் முதல் ஆசிரியராக இருந்த ஆய்வில், நார்த்வெஸ்டர்ன் குழுவினர் எக்ஸ்-கதிர் நிலையலை முறையைப் பயன்படுத்தினர். வெள்ளிப் படிகத்தில் எதிரொளித்துத் திரும்பும் எக்ஸ்-கதிரும் உள்ளே வரும் கதிரும் சேர்ந்து பரப்புக்கு மேலே ஒரு நிலையலையை உண்டாக்குகின்றன. கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக மாற்றினால் அந்த அலையின் முகடு மேலும் கீழும் நகரும். முகடு போரான் அணுக்களின் உயரத்தைத் தொடும்போது அவற்றிலிருந்து வெளிப்படும் ஒளிஎலக்ட்ரான்கள் மிகும். அலையின் அசைவற்ற புள்ளியான கணு தொடும்போது குறையும். இப்படி, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைந்த துல்லியத்தில், வேதியியல் நிலை வாரியாக உயரத்தை அறியலாம். மேல்வரிசை, கீழ்வரிசை என்று இரண்டு உயரங்கள் இருந்திருந்தால் அவை அங்கே வெளிப்பட்டிருக்கும். கண்டதோ ஒரே உயரம்: மாற்றமடையாத வெள்ளிப் பரப்புக்கு 2.4 ஆங்ஸ்ட்ராம் மேலே, தட்டையான ஒற்றைத் தாள். அடுத்த ஆண்டில், முனையில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்த ஊசியைக் கொண்டு ஹெர்சம் குழு எடுத்த படங்களில் பிணைப்புகளின் வடிவமே தெரிந்தது. 1/6, 1/5 மாதிரிகளோடு அவை ஒத்திருந்தன. செவ்வகத்துக்குள் இருப்பவை ஐந்து.

முதலில் ஆறு என்று சொன்ன குழுவில் இருந்தவர்களே பிறகு ஐந்து என்று காட்டும் அளவீடுகளைச் செய்து வெளியிட்டார்கள் என்பதை இங்கே மரியாதையோடு பதிவுசெய்ய விரும்புகிறேன். 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிப்படைக் கண்டுபிடிப்பு, அதாவது போரானை ஒற்றைத் தாளாக வளர்க்க முடியும், அது உலோகத்தன்மை கொண்டது என்பது, சற்றும் குலையவில்லை. தவறியது ஒரு படத்திலிருந்து மாதிரிக்குத் தாவிய அந்த ஒரு படி. பொருத்தம் என்பது ஒரு மாதிரியை ஏற்பதற்கு வேண்டிய நிபந்தனை. மற்ற மாதிரிகளை விலக்குவதற்கு அது போதாது.

அந்த ஓர் அணுவால் மாறும் பண்புகள்

நெளிந்த, துளையற்ற தாளுக்கு 2015இல் கணக்கிட்ட விறைப்பு, வரிசைகளின் திசையில் மீட்டருக்கு 398 நியூட்டன். குறுக்குத் திசையில் 170. கிராஃபீனுக்கு இது சுமார் 340. கிராஃபீனையும் மிஞ்சிய விறைப்பு என்ற சொற்றொடர் அந்த 398இலிருந்து பிறந்தது. பாய்ஸான் விகிதமும் எதிர்க்குறியில் கணக்கிடப்பட்டது. ஒரு திசையில் இழுத்தால் தளத்துக்குள் மறு திசையிலும் சற்று விரியும் என்று பொருள். நெளிந்த வரிசைகள் மடிப்புத் தாளைப் போல விரிந்து சுருங்குவதால் வரும் பண்பு இது. நெளிவே இல்லாத தாளுக்கு இதை அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. துளையுள்ள தாள்களின் விறைப்பு குறைவாகவும் திசைக்குத் திசை உள்ள வேறுபாடு மெலிந்ததாகவும் கணக்கீடுகளில் வருகின்றன. ஆயினும் 398 என்ற எண்ணை, எந்தத் தாளுக்கு உரியது என்று சொல்லாமல், வெள்ளியின் மேல் வளர்ந்த போரோஃபீனின் பண்பாகவே எழுதிவிடும் கட்டுரைகள் இன்றும் என் கண்ணில் படுகின்றன. அந்த எண் வெள்ளியின் மேல் இருந்ததாக நிலைநாட்டப்பட்ட தாளுக்குரியது அல்ல. யாரும் கருவி வைத்து அளந்ததும் அல்ல.

உலோகத்தன்மை இரு மாதிரிகளுக்கும் பொது. பீட்டா-12 தாளில், கிராஃபீனில் இருப்பதைப் போன்ற டிராக் கூம்புகள் (எலக்ட்ரான்கள் நிறையற்ற துகள்களைப் போல நடக்கும் ஆற்றல் நிலைகள்) இருப்பதை 2017இல் ஃபெங் முதலானோர் ஒளிஎலக்ட்ரான் அளவீட்டில் கண்டார்கள். போரான் எடை குறைந்த அணு என்பதாலும் தாள் உலோகம் என்பதாலும் 10 முதல் 20 கெல்வின் வரையிலான வெப்பநிலையில் மீக்கடத்துதிறன் (மின்தடையே இல்லாமல் கடத்தும் பண்பு) தோன்றலாம் என்று 2016இல் யாகோப்சன் குழு கணித்தது. அது கணிப்பாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

எல்லாப் பண்புகளையும்விட நடைமுறைக்குத் தடையாக நிற்பது காற்று. போரான் தாள் ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. முதல் ஆய்விலேயே, கலத்திலிருந்து வெளியே எடுக்கும் மாதிரிகளின் மேல் சிலிக்கான் பூச்சு போட வேண்டியிருந்தது. 2021இல் ஹெர்சம் குழு அணுநிலை ஹைட்ரஜனைத் தாளோடு பிணைத்து போரோஃபேன் என்ற வடிவத்தை உருவாக்கியது. காற்றில் அது ஆக்சிஜனேற்றமடையும் வேகம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது, சூடாக்கினால் ஹைட்ரஜன் நீங்கிப் பழைய தாள் திரும்பக் கிடைத்தது.

தளத்தை மாற்றினால்

எலக்ட்ரான் கணக்கு சரியென்றால், அதிகம் கொடுக்கும் தளத்தில் துளைகள் அதிகமாக வேண்டும். இயற்கையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: 2001இல் 39 கெல்வின் மீக்கடத்தியாக அறியப்பட்ட மெக்னீசியம் டைபோரைடு. அதில் போரான் அடுக்குகள் முழுத் தேன்கூடுகள். ஒவ்வோர் அறுகோணமும் துளை. அறுகோணத்துக்கு இரண்டு எலக்ட்ரான் குறை. அந்த இரண்டையும் அறுகோணத்துக்கு ஒன்றாக நிற்கும் மெக்னீசியம் கொடுத்துவிடுகிறது. 2018இல் கெஹூய் வூவின் குழு அலுமினியத்தின் 111 முகத்தில் போரானை வளர்த்தபோது தேன்கூட்டுத் தாளே கிடைத்தது. போரான் அணு ஒன்றுக்கு ஏறக்குறைய ஓர் எலக்ட்ரான் அலுமினியத்திலிருந்து வருவதாகக் கணக்கீடு காட்டியது. அதாவது அறுகோணத்துக்கு இரண்டு, நம் கணக்கு கேட்ட அதே தொகை.

மறுதிசையிலும் ஒரு சான்று உண்டு. வெள்ளியின் மேல் இரட்டை அடுக்குப் போரோஃபீன் வளர்ந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் அமைப்பு ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஆல்ஃபா அடுக்குகளாக விளக்கப்பட்டது. தளத்தின் மேல் சாய்ந்திருக்கும் நிலை தளர்ந்ததும், தனித்த தாளுக்குக் கணித்த 1/9 திரும்பி வருகிறது. ஒற்றைத் தாளில் பல ஆண்டுகள் தேடிக் கிடைக்காத ஆல்ஃபா, இரட்டையில் முகம் காட்டியது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி இதுதான். தாமிரத்தின் மேலும் 2019இல் யேல், புரூக்ஹேவன் ஆய்வாளர்கள் 100 சதுர மைக்ரோமீட்டர் வரையிலான ஒற்றைப் படிகத் தாள்களை வளர்த்தனர். அங்கே துளை விகிதம் 1/5.

குழாய்களின் நிலை

இனி நானோகுழாய்கள். போரான் நைட்ரைடு குழாய்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை மின்காப்பிகள், இங்கே பேசுவது தூய போரான். யேல் பல்கலைக்கழகத்தில் டிராகோஸ் சியுபாருவும் லிசா ஃபெஃபர்லேயும் உள்ளிட்ட குழு 2004இல் ஒற்றைச் சுவர் போரான் குழாய்களை உருவாக்கியதாக அறிவித்தது. மெக்னீசியம் சேர்த்த, நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவை அச்சாக வைத்து, போரான் டிரைகுளோரைடு வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடாக்கி, சுமார் 3 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்களைப் பெற்றார்கள். ராமன் நிறமாலையில் குழாய் வடிவத்துக்கு உரியதாகக் கருதத்தக்க அதிர்வுகள் தெரிந்தன. சுவரில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதை அந்தத் தரவுகளால் சொல்ல முடியவில்லை. 2010இல் சீனாவில் ஃபெய் லியூ முதலானோர் வளர்த்த பல சுவர்க் குழாய்கள் பருமனானவை. அவற்றின் மின்கடத்தலை ஒவ்வொரு குழாயாக அளந்து, உலோகத்தன்மை கொண்டவை என்று கண்டார்கள்.

கோட்பாடு சொல்வது இதைவிட நுட்பமானது. ஆல்ஃபா தாளைச் சுருட்டினால், அகன்ற குழாய்கள் எத்திசையில் சுருட்டினாலும் உலோகங்களாகவே இருக்கின்றன. கார்பன் குழாய்களில் சுருட்டும் திசை மாறினால் உலோகமும் குறைக்கடத்தியும் மாறிமாறி வருவதைப் போல இங்கே இல்லை. மின்கம்பியாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் விட்டம் 2 நானோமீட்டருக்கும் குறைந்த ஒடுங்கிய குழாய்களில், அறுகோண நடுவில் நிற்கும் அணுக்கள் வளைவின் அழுத்தத்தால் சுவரைவிட்டுச் சற்று விலகுகின்றன. அந்த விலகலால் ஆற்றல் இடைவெளி திறந்து, குழாய் குறைக்கடத்தியாகிறது என்று 2008ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கீடுகள் காட்டின. மீண்டும் நடு அணுதான்: அது இருக்கிறதா, இருந்தால் தளத்திலேயே இருக்கிறதா என்பதே பண்பைத் தீர்மானிக்கிறது.

வெள்ளித் தாளின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், குழாயின் சுவரைப் பீட்டா-12 என்று கொள்வதற்கு நியாயம் இல்லை என்பது என் கருத்து. தனித்து நிற்கும் குழாய்க்கு எலக்ட்ரான் கொடுக்க ஆள் இல்லை. எனவே துளை விகிதம் 1/9ஐ ஒட்டியே இருக்க வேண்டும். பல சுவர்க் குழாயிலோ, இரட்டைத் தாளில் கண்டதைப் போல, அடுத்தடுத்த சுவர்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள இடமுண்டு. அப்படியானால் அதை ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் என்று சொல்வதே பொருந்தாது. அச்சில் வளர்ந்த குழாயின் நிலை வேறு: சிலிக்காவோ உள்ளிருக்கும் மெக்னீசியமோ வளரும் சுவரோடு எலக்ட்ரானைப் பரிமாறிக்கொண்டிருந்தால், வளரும்போது ஒரு துளை விகிதமும், அச்சைக் கரைத்து வெளியே எடுத்தபின் நிலைக்கக்கூடியது வேறொரு துளை விகிதமுமாக இருக்கக்கூடும்.

இதைத் தீர்க்கும் அளவீடு எளிதல்ல. நிலையலை முறைக்குக் கீழே ஒழுங்கான படிகப் பரப்பு வேண்டும். வளைந்த குழாய்க்கு அது கிடையாது. மூலக்கூறு ஒட்டிய ஊசிமுனைக்குத் தட்டையான தாள் வேண்டும். எஞ்சியிருப்பது எலக்ட்ரான் விளிம்பு விலகல். ஆனால் ஐந்தே எலக்ட்ரான்கள் கொண்ட போரான் அணு கற்றையை மிகவும் பலவீனமாகவே சிதறடிக்கிறது, தெளிவான படத்துக்காகக் கற்றையின் ஆற்றலைக் கூட்டினாலோ இலேசான அணுக்கள் இடம்பெயர்ந்துவிடுகின்றன. குறைந்த ஆற்றல் கற்றையில், மிகக் குளிர்ந்த நிலையில், ஒரே குழாயின் மீது விளிம்பு விலகலையும் மின்கடத்தலையும் சேர்த்து எடுத்தால், ஒன்பது இடங்களில் எத்தனை காலி என்ற எண்ணிக்கையைச் சுவரிலிருந்தே பெற வழி பிறக்கும். அந்த எண் கைக்கு வரும்வரை, போரான் நானோகுழாயின் பண்பு என்று எதை எழுதினாலும் அது எந்தச் சுவர் மாதிரிக்குக் கணக்கிட்டது என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.